பிள்ளைக்கு அடிவயிற்று வலி: அல்ட்ராசவுண்டா, சிடி ஸ்கேனா, பொறுத்திருந்து பார்ப்பதா?

கோலாலம்பூரில் நம் வீடுகளில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், முதலில் மின்யாக் அங்கின் தைலம் தேய்ப்போம். "காஸ்ட்ரிக்காத்தான் இருக்கும்" என்று பாட்டியும் சொல்லிவிடுவார். பல தடவை அது சரியாகவும் இருக்கும். ஆனால் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, சாப்பாடு பிடிக்காமல், வாந்தியும் லேசான காய்ச்சலும் சேர்ந்தால் குடல்வால் அழற்சியை, அதாவது அப்பெண்டிக்ஸ் வீக்கத்தைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

பொறுத்திருந்து பார்ப்பதும் ஒரு வழிதான், மருத்துவமனைக்குள் என்றால். அங்கே சில மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். வீட்டில் பொறுத்திருப்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. நோய் தெரியவரும்போது பெரும்பாலும் குடல்வால் வெடித்திருக்கும். வெடித்ததும் வலி சற்றுக் குறைவதுண்டு. அதை நம்பித் தூங்கப் போய்விடக் கூடாது.

சிடி ஸ்கேன் துல்லியமானது, வேகமானது. ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு, வளரும் உடலை அது கூடுதலாகப் பாதிக்கும். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் சின்னப் பிள்ளை அசையாமல் படுக்க வேண்டும். நள்ளிரவில் எல்லா இடத்திலும் கிடைக்காது.

என் தேர்வு, முதலில் அல்ட்ராசவுண்டு, அதுவும் அன்றைக்கே. கருவியால் வயிற்றை மெல்ல அழுத்தும்போது நல்ல குடல்வால் தட்டையாகும். வீங்கியது அமுங்காது, குறுக்களவும் 6 மில்லிமீட்டரைத் தாண்டும். பெண் பிள்ளைகளுக்குச் சினைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாலும் இதிலேயே பார்க்கலாம். குறை என்னவென்றால், எல்லாம் ஸ்கேன் செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. பக்கத்துக் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்காக வைத்திருக்கும் ஸ்கேனில் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கிளினிக் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, துங்கு அசிசா மருத்துவமனை போல குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர்கள் உள்ள இடத்துக்குப் போங்கள். குடல்வால் தென்படவில்லை என்று அறிக்கை வந்தாலும் சந்தேகம் தீர்ந்ததாக ஆகாது. வாயுவும் குடலும் அதை மறைத்திருக்கலாம். சில மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். அதிலும் தெளியாவிட்டால்தான் சிடி. பிள்ளை துவண்டு, வயிறு பலகைபோல் இறுகியிருந்தால் எந்த ஸ்கேனுக்காகவும் சிகிச்சை தாமதப்படக் கூடாது.

போகும் வழியில் சாப்பிடக் கொடுக்காதீர்கள், பேதி மருந்தும் வேண்டாம். வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய பயம். மருத்துவர் கொடுத்தால் மறுக்க வேண்டியதில்லை. வலி தொடங்கிய நேரத்தைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "டாக்டர், இன்னிக்கு ராத்திரியே ஸ்கேன் எடுக்க முடியுமா? முடியலன்னா, மறுபடி எத்தனை மணிக்கு வயித்தைத் தொட்டுப் பார்ப்பீங்க?"