ஸ்பானிய மொழியில் படம் எடுக்க எந்த வினைச்சொல்?

"ஒரு படம் எடுங்களேன்" என்று கேட்க ஸ்பானிய மொழியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'ஃபோத்தோக்ராஃபியார்' என்ற ஒற்றை வினை. மற்றது, ஸக்கார் (வெளியே எடு), தொமார் (எடு), அஸேர் (செய்) போன்ற அன்றாட வினை ஒன்றோடு 'ஃபோத்தோ'வைச் சேர்ப்பது. அகராதி பார்த்துப் படிப்பவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அது செய்தித்தாளுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உரிய சொல். தெருவில் நிற்பவரிடம் அப்படிக் கேட்டால் புரியும், ஆனால் விறைப்பாக ஒலிக்கும்.

அதன் உண்மையான சிக்கல் அழுத்தம். 'ஃபீ'யை அழுத்தி 'ஃபோத்தோக்ராஃபீயோ' என்றால் 'நான் படம் எடுக்கிறேன்'. கடைசி 'யோ'வை அழுத்தினால் 'அவர் படம் எடுத்தார்'. ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. எழுத்தில் அழுத்தக்குறி இடம் மாறுவது மட்டுமே வேறுபாடு. என்வியார் (அனுப்பு) என்ற வினையும் இதே அச்சுதான். அதையும் சேர்த்துப் பழகினால் நாக்கு படியும். தமிழரின் நாக்குக்கு ஒரு வசதி: ஸ்பானிய 'த' நம் 'த்த' போலப் பல்லில் பிறப்பது. 'ட்ட' வேண்டாம்.

கூட்டு வினைகளில் எது என்பதை ஊர் முடிவு செய்கிறது. மெக்ஸிகோவில் 'மே தோமஸ் உனா ஃபோத்தோ?', ஸ்பெயினில் பெரும்பாலும் அஸேர், அர்ஜென்டினாவில் ஸக்கார். எங்கே போவோம் என்று தெரியாதவர்கள் ஸக்காரைக் கற்கலாம். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அது செல்லும். 'வெளியே எடு' என்பதே அதன் அடிப்படைப் பொருள் என்பதால் நமக்கு எளிதில் நினைவிலும் நிற்கும். திரிபு மிகக் குறைந்தது தொமார். அஸேர்தான் முரண்டு பிடிக்கும்: ஆகோ (செய்கிறேன்), ஈஸே (செய்தேன்), ஈஸோ (செய்தார்) என்று உருவே மாறிவிடும்.

தமிழர் அதிகம் தடுக்குவது வேற்றுமையில். நாம் 'மரியாவைப் படம் எடுத்தேன்' என்கிறோம். ஃபோத்தோக்ராஃபியாருக்கு அந்த 'ஐ' சரி: 'லா ஃபோத்தோக்ராஃபியே' (அவளைப் படம் எடுத்தேன்). ஸக்காரோடு வந்தால் படம்தான் செயப்படுபொருள். மரியா 'கு' உருபுக்கு நகர்கிறாள்: 'லே ஸக்கே உனா ஃபோத்தோ' (அவளுக்கு ஒரு படம் எடுத்தேன்). ஃபோத்தோவை விட்டுவிட்டு 'ஸக்கே அ மரியா' என்றால், மரியாவை எங்கிருந்தோ வெளியே கொண்டுவந்ததாகிவிடும்.

இன்னொன்று: 'ஓ'வில் முடிந்தாலும் ஃபோத்தோ பெண்பால். ஃபோத்தோக்ராஃபீயா என்ற பெண்பால் பெயரின் சுருக்கம் அது. 'ஒரு' என்பதற்கு ஸ்பானியத்தில் ஆண்பாலில் 'உன்', பெண்பாலில் 'உனா'. ஆகவே 'உன் ஃபோத்தோ' தவறு, 'உனா ஃபோத்தோ' சரி.