விரல், வெயின் ஃபைண்டர், அல்ட்ராசவுண்ட்: ஐசியூவில் எதை நம்பி ஊசி போடுவது?

பல சுற்று கீமோ பார்த்தவர், ஒரு வாரமாக நீர் கோத்து இரண்டு கையும் வீங்கிக் கிடப்பவர், பிரஷர் இறங்கி நரம்பெல்லாம் சுருங்கிப் போனவர். இவர்களுக்கு ஒரு லைன் (நரம்புக்குள் மருந்து ஏற்றும் குழாய்) போடச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார், கையை இறுக்கும் டூர்னிக்கெட் பட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பது நர்ஸ்களாகிய நாம்தான். நம் முன் வழிகள் மூன்று: பழைய விரல், மேலிருந்து வெளிச்சம் அடிக்கும் வெயின் ஃபைண்டர், அப்புறம் அல்ட்ராசவுண்ட். தமிழ்நாட்டிலும் இங்கிலாந்திலும் ஐசியூவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

விரலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தொட்டால் அமுங்கி எழும்பும் நரம்பு இருந்தால் அதிலேயே போடுங்கள், மெஷினை இழுத்து வருவது வீண் வேலை. சுலபமான கையில் அல்ட்ராசவுண்டைவிட விரலே நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்விலும் வந்திருக்கிறது. சிக்கல் விரலில் இல்லை, கிடைக்காத கையில் நாலு தடவை ஐந்து தடவை குத்திக்கொண்டே போகும் நம் பிடிவாதத்தில் இருக்கிறது. இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

வெயின் ஃபைண்டர் பார்க்க ஜோராக இருக்கும். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்ளும், சுற்றியுள்ள சதை திருப்பி அனுப்பும், அந்த வித்தியாசத்தைத் தோல் மேலேயே கோடு கோடாகக் காட்டும். உறவினர் பார்த்தால் அசந்துபோவார்கள். ஆனால் அந்த ஒளி எட்டுவது ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான், அதாவது கண் பழகிய சிஸ்டருக்குத் தானாகவே தெரிகிற நரம்புகளைத்தான் பெரும்பாலும் அதுவும் காட்டும். நீர் கோத்த கையில் கோடு மங்கிவிடும். நரம்பு எவ்வளவு கீழே இருக்கிறது, உள்ளே இரத்தக்கட்டி இருக்கிறதா, ஊசி எங்கே போகிறது, எதுவுமே தெரியாது. எந்தக் கையை முதலில் பார்க்கலாம் என்று முடிவெடுக்க உதவும். ஐசியூவுக்கென்று தனியாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

சரி, அல்ட்ராசவுண்ட். முழங்கைக்கு மேலே உட்புறமாக ப்ரோபை, அதாவது மெஷினின் கைப்பிடிக் கருவியை, வைத்தால் அங்கே ஓடும் பேசிலிக் என்ற நரம்பு கருப்பு வட்டமாகத் தெரியும். லேசாக அமுக்கினால் நரம்பு நசுங்கும், பக்கத்தில் இருக்கும் தமனி நசுங்காமல் துடிக்கும். (பிரஷர் மிகவும் குறைந்தவருக்குக் கொஞ்சம் பலமாக அமுக்கினால் தமனியும் நசுங்கும், ஏமாந்துவிடாதீர்கள்.) நரம்பே நசுங்கவில்லை என்றால் உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம், அந்த இடத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தத் தகவல் விரலுக்கும் கிடைக்காது, வெயின் ஃபைண்டருக்கும் கிடைக்காது.

புதிதாகக் கற்பவர்கள் தவறுவது ஊசிமுனை விஷயத்தில். நரம்பைக் குறுக்காகப் பார்க்கும்போது ஊசி ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளி முனையாகவும் இருக்கலாம், ஊசியின் நடுத்தண்டாகவும் இருக்கலாம், திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான். தண்டைப் பார்த்து 'உள்ளே வந்துவிட்டது' என்று நினைக்கும்போது முனை நரம்பின் பின்சுவரைத் தாண்டியிருக்கும். அதனால் புள்ளி தெரிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, ப்ரோபைக் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள். புள்ளி மறைய வேண்டும். பிறகு ஊசியை மில்லிமீட்டர் கணக்கில் தள்ளுங்கள், புள்ளி மறுபடி வரும். இப்படியே மாற்றி மாற்றிப் போய்க் கருப்பு வட்டத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி நின்ற பிறகும் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே கொண்டுபோய்விட்டுத்தான் கேனுலாவை, அதாவது ஊசியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் குழாயை, நழுவவிட வேண்டும்.

அடுத்தது நீளம். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. பிங்க் கேனுலா மூன்றே கால் சென்டிமீட்டர் இருக்கும். நரம்பு ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்து 45 டிகிரியில் குத்தினால், நரம்பைத் தொடுவதற்குள்ளேயே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும், உள்ளே மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். நோயாளியை ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் வெளியே வந்துவிடும், மருந்து சதைக்குள் இறங்கும், பிரஷரை ஏற்றும் நோரட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தால் அது பெரிய வினை. 'அல்ட்ராசவுண்டில் போட்ட லைன் நிற்காது' என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான். ஆழமான நரம்புக்கு நீளமான கேனுலா வேண்டும். டயாலிசிஸ் தேவைப்படலாம் என்ற நிலையில் இருப்பவரின் மேல்கை நரம்பைத் தொடவே வேண்டாம், டயாலிசிஸுக்காகத் தமனியையும் நரம்பையும் இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவுக்கு அது தேவைப்படும்.

இனி யார் கையில் ப்ரோப் என்ற கேள்வி. இங்கிலாந்தில் இன்டென்சிவ் கேர் சொசைட்டி நடத்தும் ஃபியூசிக் என்ற அல்ட்ராசவுண்ட் அங்கீகாரத்தை நர்ஸும் எடுக்கலாம், நுரையீரல், இதயம், இரத்தக்குழாய் எனத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டு வந்த, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் மெஷினைப் பதிவு செய்ய வேண்டும், இயக்கத் தகுதியுள்ளவர் பட்டியலில் இருப்பது டாக்டர்கள்தான், நர்ஸ் இல்லை. கையடக்க ப்ரோபும் இதற்குள்தான் வரும். வெறும் ஒளியில் ஓடும் வெயின் ஃபைண்டருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அல்ட்ராசவுண்டை அது ஜெயிக்கிற ஒரே இடம் இதுதான், கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஊரில் இருப்பவர்கள் அதற்காகப் படத்தைப் புரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டாம். மயக்க மருந்து டாக்டர் லைன் போடும்போது திரையைப் பாருங்கள், நரம்பு எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்த நீளக் கேனுலா போட்டார் என்று கேட்டு நோட்ஸில் எழுதுங்கள். ஆழமும் நீளமும் தெரிந்தால், இரவு அந்த லைனை நம்பி நோரட்ரினலினை ஓட விடலாமா, பெரிய நரம்பில் போடும் சென்ட்ரல் லைன் கேட்க வேண்டுமா என்று நாமே டாக்டரிடம் பேசலாம்.