தீயணைப்புப் பம்புக்கு எந்தக் கேபிள்: 70 அலுமினியமா, 120 அலுமினியமா, காப்பரா?

மதுரை நத்தம் சாலையில் தங்கும் அறைகளோடு கூடிய ஒரு திருமண மண்டபத்துக்கு அண்மையில் தீயணைப்புப் பம்ப் இணைப்பு கொடுத்தோம். நிமிடத்துக்கு 2280 லிட்டர் தள்ளும் பம்ப், 75 குதிரைத்திறன் மோட்டார். டிரான்ஸ்பார்மர் வளாகத்தின் பின்மூலையில். நிலத்தடித் தொட்டியும் பம்ப் அறையும் வாசல் பக்கம். கேபிள் போகும் பாதை 180 மீட்டர். இந்த 180 மீட்டர்தான் எல்லா வாக்குவாதத்துக்கும் காரணம். முப்பது மீட்டராக இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

வந்த விலைப்பட்டியல்கள் மூன்று: 70 சதுர மி.மீ. அலுமினியம், 120 சதுர மி.மீ. அலுமினியம், 70 சதுர மி.மீ. காப்பர். மூன்றுமே ஆர்மர் (இரும்புக் கவசம்) போட்ட மூன்றரை கோர் (மூன்று முழு அளவுக் கம்பி, நியூட்ரலுக்குப் பாதி அளவில் ஒன்று) எக்ஸ்.எல்.பி.இ. (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் உறை) கேபிள்கள். நாங்கள் 120 அலுமினியத்தை எடுத்தோம். இன்னொரு கட்டடத்துக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காப்பரை முதலில் முடித்துவிடலாம். மின்தடையைப் பொறுத்தவரை 70 காப்பரும் 120 அலுமினியமும் ஏறக்குறைய ஒன்றுதான். காப்பர் மெலிதாக இருப்பதால் பேனலுக்குள் வளைப்பது எளிது, லக் (கேபிள் நுனியில் மாட்டி போல்ட்டில் இறுக்கும் உலோகக் காது) இணைப்பில் தொல்லை குறைவு. ஆனால் எங்களுக்கு வந்த விலை இரண்டு மடங்குக்கும் மேல். வேலை முடியும்வரை கேபிள் டிரம் திருட்டுப் போகாமல் காவல் காக்க வேண்டிய கவலை தனி.

உண்மையான போட்டி இரண்டு அலுமினியங்களுக்கு இடையில்தான். "அண்ணே, மோட்டார் 100 ஆம்பியர்தான் இழுக்கும். 70 தாராளம்" என்றார் எங்கள் எலக்ட்ரீஷியன். ஓடும் மோட்டாருக்கு அவர் சொன்னது சரி. மண்ணுக்குள் புதைத்த 70 கேபிள் 100 ஆம்பியரை அலுங்காமல் தாங்கும். ஓடும்போது குறையும் வோல்டேஜும் சுமார் 16 வோல்ட்தான், அதாவது நான்கு சதவீதம். வழக்கமான தண்ணீர் மோட்டாருக்கு நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தீயணைப்புப் பம்ப் விஷயம் வேறு. அதன் வாழ்நாளில் முக்கியமானவை ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிகள். நேரடியாக ஸ்டார்ட் செய்தால் மோட்டார் 600 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த நேரத்தில் பம்பை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியின் முனையில் வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு மேல் சரியக்கூடாது என்பது அமெரிக்க விதிகளில் உள்ள வரம்பு. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். 415 வோல்ட்டில் 15 சதவீதம் போனால் மிஞ்சுவது 353.

டிரான்ஸ்பார்மரில் முழு 415 இருந்தால் 70 கேபிளிலும் 360 வோல்ட் கிடைக்கும், தேறிவிடும். ஆனால் முகூர்த்த நாள் மாலையில், மண்டபத்து ஏசி எல்லாம் ஓடும்போது, அங்கே மீட்டர் 395 காட்டியது. அந்த 395-இல் தொடங்கி, 500 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்பார்மரின் சொந்தச் சரிவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 70 கேபிளின் மறுமுனையில் சுமார் 340 வோல்ட்தான் மிஞ்சுகிறது. 120 போட்டால் சுமார் 355. பதினைந்து வோல்ட் வித்தியாசம் என்று தள்ளிவிடக்கூடாது. மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 340-இல் அது மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான காண்டாக்டரின் சுருளும் அதே தளர்ந்த வோல்டேஜில்தான் பிடித்து நிற்க வேண்டும். மண்டபம் நிறைய ஆள் இருக்கும் நேரமும் வோல்டேஜ் தாழ்ந்திருக்கும் நேரமும் ஒன்றாக வருவதுதான் இதில் வயிற்றைக் கலக்கும் சங்கதி.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுள்ள டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) போட்டால் ஸ்டார்ட்டிங் கரன்ட் மூன்றில் ஒன்றாகிவிடுமே என்று கேட்பார்கள். ஆகும், திருப்புவிசையும் அதே மூன்றில் ஒன்றாகிவிடும். ஸ்டாரில் மோட்டார் முழு வேகத்தை நெருங்காமலே டைமர் டெல்டாவுக்கு மாற்றினால், நேரடி ஸ்டார்ட்டில் வருவதற்கு நெருக்கமான கரன்ட் அப்போது பாயும். வோல்டேஜ் தாழ்ந்திருக்கும் நாளில் இதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் ஸ்டார்ட்டர் எதுவானாலும் கேபிளை நேரடி ஸ்டார்ட்டுக்கே அளந்துவிடுங்கள்.

120-இன் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். கேபிள் குழந்தையின் மணிக்கட்டு பருமன். அரை மீட்டருக்குக் குறைவான ஆரத்தில் வளைத்தால் பழுதாகும். எங்கள் பேனலின் கிளாண்ட் தட்டில் (கேபிள் உள்ளே நுழையும் தட்டு) அதற்கான துளையே இல்லை. தட்டை மாற்றி, கீழே ஒரு பெட்டியும் சேர்க்க வேண்டியிருந்தது. இங்கே ஒன்றைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். பிரேக்கரில் இடம் போதவில்லை என்றால் 120 கேபிளின் இழைகளில் நாலைந்தை நறுக்கிவிட்டு, மீதியைச் சிறிய லக்கில் திணித்துக் கிரிம்ப் செய்யும் (நசுக்கி இறுக்கும்) பழக்கம் நம் ஊரில் உண்டு. பெரிய கேபிளுக்குக் கொடுத்த காசு அந்த இடத்திலேயே போய்விடும், இணைப்பும் சூடேறும். அலுமினியத்தைப் பிரேக்கரின் காப்பர் முனையோடு சேர்க்க பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர்), இழைகளில் ஆக்சைடு தடுப்புக் களிம்பு, ஆண்டுக்கொருமுறை போல்ட் இறுக்கிப் பார்ப்பது: இவற்றுக்கு மனமில்லாதவர்கள் காப்பரே வாங்கிக்கொள்ளட்டும்.

நெருப்பைத் தாங்கும் கேபிளையும் ஒருவர் பரிந்துரைத்தார். 950 டிகிரியில் மூன்று மணிநேரச் சோதனையில் தேறும் ரகங்கள் உண்டு. எங்கள் கேபிள் முழுக்கக் கட்டடத்துக்கு வெளியே மண்ணுக்குள் போவதால் தேவைப்படவில்லை. கேபிள் கட்டடத்துக்குள் ஏறியிறங்கிப் போகும் இடங்களில் என் சிபாரிசு செல்லாது. அந்த ரகத்தை நான் கையாண்டதில்லை, கையாண்டவரைக் கேளுங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டும்போதும் என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சரிவின் பெரும்பங்கு ஜெனரேட்டருடையதே. கேபிளை 185 ஆக்கினாலும் பெரிதாக மாறாது. ஜெனரேட்டர் விற்பவரிடம் கே.வி.ஏ. மட்டும் கேட்காமல், 75 குதிரைத்திறன் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் எவ்வளவு சரியும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.