இரண்டரை லட்சமும் ஒரு குட்டி ஸ்விட்சும்

திருநெல்வேலியிலிருந்து சித்தி பையன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: "அண்ணே, ரெண்டு லட்சம் சேத்துட்டேன். உங்க கம்ப்யூட்டர் பார்ட்ஸ் லிஸ்ட்ட அனுப்புங்க, அதயே வாங்கிருதேன்."

லிஸ்ட் அனுப்புவது ஒரு நிமிட வேலை. ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், 850 வாட் கோல்டு தர எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் பெட்டி). 2024 மார்ச்சில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதி, ஆன்லைனில் பாதி என்று பொறுக்கிச் சேர்த்தது. மானிட்டரோடு இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. வீட்டில் சொன்ன தொகை வேறு.

பாகங்களில் ஒரு குறையும் இல்லை. அந்த பிராசஸரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். 96 எம்பி எல்3 கேஷை (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) வைத்துக்கொண்டு கேம் ஓடும்போது எழுபது வாட் பக்கத்தில்தான் குடிக்கிறது. ஏசி இல்லாத அறை, சென்னை மே மாதம், நாலாயிரம் ரூபாய் ஏர் கூலர். இதுவரை அதன் 89 டிகிரி எல்லையை எட்டியதில்லை. கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்த தண்ணிக் கூலரை மறுத்ததுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ராமைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவே இல்லை, பத்தாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிப் போட்டேன். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் பூட்டி வைக்கலாம் போலிருக்கிறது.

ஏஎம்5 போர்டு, அதாவது இந்த பிராசஸர் உட்காரும் வகை மதர்போர்டு, வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். முதல் தடவை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கும். போர்டில் ராமுக்கான விளக்கு மட்டும் எரியும். அது டிடிஆர்5 ராமோடு பழகிக்கொள்ளும் நேரம். இது தெரியாமல் மூன்று முறை கரண்டைப் பிடுங்கி, ராமைக் கழற்றி மாட்டி, கண்ணில் நீர் வராத குறை. நான்காவது தடவை வெறுத்துப்போய் ஆன் செய்தபடியே காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் படம் வந்திருந்தது.

இனி அழுகை. கரண்ட்.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், கோல்டா பிளாட்டினமா, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 16 பின் கேபிள் உருகுமா என்றெல்லாம் ஒரு மாதம் வீடியோ பார்த்தேன். சுவரிலிருந்து அந்த எஸ்எம்பிஎஸ் வரைக்கும் என்ன வருகிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரோடு இருந்த 600 விஏ யூபிஎஸ்ஸையே மாட்டினேன். 600 என்பது விஏ, வாட்டில் அது 360தான். என் மெஷின் மானிட்டரோடு கேமில் 450க்கு மேல் இழுக்கிறது. முதல் பவர் கட்டிலேயே "கீ" என்று ஒரே கத்தல், எல்லாம் இருட்டு.

சரி, பெரியது வாங்குவோம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் 1100 விஏ பெட்டியைத் தட்டிக் காட்டி, "ஹை எண்ட் சிஸ்டம் எல்லாம் இதுலதான் சார் ஓடுது" என்றார். கணக்குப்படி தாங்க வேண்டும். ஆனால் கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டர் அணைந்தது. யூபிஎஸ்ஸின் பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது! அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் இருக்கிறது. சுவர்க் கரண்ட் அலையாக வரும்; அந்த அலை ஏறி இறங்குவதற்கு ஏற்றபடி கரண்டை இழுப்பது அதன் வேலை. விலை குறைந்த யூபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தருவது வழவழப்பான அலை இல்லை, படிக்கட்டு. சில எஸ்எம்பிஎஸ் அதைச் சகித்துக்கொள்ளும். என்னுடையது சகிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "யூபிஎஸ்ல கம்ப்ளெய்ன்ட் இல்லையே சார்." இல்லைதான். அதனால்தான் வயிறு எரிகிறது.

வீட்டில் ஏற்கெனவே வழவழப்பான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று ஹாலிலிருந்து ஒயர் இழுத்தேன். அதிலும் அணைந்தது! அப்போது கேமில் ஒரு ராட்சசனோடு ஒன்றரை மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான் போட்ட சத்தத்தில் அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "கரண்ட் போனா எல்லார் வீட்லயும் ஃபேன்தான் நிக்கும். நம்ம வீட்ல மட்டும் மனுசன் கத்துறான்."

தீர்வு சொன்னது எலக்ட்ரீஷியன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர், இன்வெர்ட்டரைத் திருப்பிப் பின்பக்கத் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். நகம் அளவில் ஒரு தள்ளு ஸ்விட்ச். "எக்கோ மோட்ல கெடக்குது. யூபிஎஸ் மோட்ல தள்ளுங்க." அவ்வளவுதான். எக்கோவில் அது பேட்டரிக்கு மெதுவாக மாறும், ஃபேனும் லைட்டும் பொறுத்துக்கொள்ளும். கரண்ட் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஒரு நொடியின் சிறு பங்குதான். தள்ளினேன். அன்றைக்கு மெயினை அணைத்து அணைத்துப் பத்து தடவை பார்த்தேன். கம்ப்யூட்டர் கண் சிமிட்டவில்லை. கிராபிக்ஸ் கார்டு வாங்கிய அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஏப்ரல் வந்தது. தெரு முழுக்க ஏசி ஓட, சாயங்காலம் வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கும். எக்கோ மோட் அதைக் கண்டுகொள்ளாது. யூபிஎஸ் மோட் உடனே பேட்டரிக்குத் தாவும். டக். மறுபடி மெயினுக்கு. டக். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து 450 வாட் எடுப்பதென்றால் நாற்பது ஆம்பியர் பக்கம். ஒன்பது மணிக்கு நிஜமாகவே கரண்ட் போனபோது வீட்டில் ஃபேனுக்குக்கூட மிச்சம் இல்லை. அன்று நான் மொட்டை மாடியில் படுத்தேன், வேறு வழியில்லை.

இப்போது ஒரு சடங்கு நடக்கிறது. விளையாட உட்காரும் முன் ஸ்டூல் போட்டு ஏறி ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளுவேன். முடித்ததும் அந்தப் பக்கம். கார்டின் பவர் லிமிட்டையும் 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டேன். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 320 வாட் கார்டை வாங்கி அதன் வாயைக் கட்டி வைத்திருக்கிறேன்.

முறைப்படி செய்வதென்றால் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு சைன் வேவ் யூபிஎஸ் வாங்க வேண்டும். அந்தச் செலவை லிஸ்ட்டிலேயே போட்டிருந்தால் ஒரு படி குறைந்த கார்டோடு நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது தனியாகக் கொடுக்க மனசு வரவில்லை. மனசு வராததுக்கு நியாயம் எதுவும் கிடையாது, வீம்புதான்.

இவ்வளவும் ஓடி முடித்து அவனுக்கு அனுப்பிய பதில்: "கேமிங் லேப்டாப் வாங்குலே. பேட்டரி உள்ளேயே இருக்கும்."

"நீங்களா சொல்லுதீங்க?" என்று சிரிக்கும் பொம்மைகளோடு பதில் வந்தது. லேப்டாப்பை ஐந்து வருடம் திட்டியவன் நான். இந்த மெஷினை யாராவது விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். இருந்தாலும் நேற்று ராத்திரி ஸ்டூலிலிருந்து கால் வழுக்கியது. அதனால் இன்றைக்கு என் தீர்ப்பு லேப்டாப்.

அவன் விடவில்லை, லிஸ்ட்தான் வேண்டும் என்றான். அப்படியென்றால் முதலில் உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். ஸ்விட்ச் இருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்றுதான் தெரியவில்லை, ஒரே ஒட்டடை.