‘ஒரிஜினல் நிண்டெண்டோ மினி, காண்ட்ரா உண்டு’ என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள்

ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் என்இஎஸ் கிளாசிக் என்ற சின்ன டிவி கேம் பெட்டி என்று சொல்லி ஒருவர் எனக்குப் போலியை விற்றுவிட்டார். விலை 7,500 ரூபாய். சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து பழைய கேம் சாமான்கள் விற்பவர். பணம் திரும்ப வரவில்லை, என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். அதே படத்தோடு அதே விளம்பரம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். 80களிலும் 90களிலும் பிறந்து டிவி கேம் ஆடி வளர்ந்தவர்களைக் குறிவைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

முதலில் அசல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்து, பிறகு அமெரிக்காவில் என்இஎஸ் ஆன பெட்டியை, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கி 2016 நவம்பரில் நிண்டெண்டோ மறுபடியும் வெளியிட்டது. 30 கேம்கள் உள்ளேயே இருக்கும். கேசட் போட முடியாது, இணையமும் கிடையாது. அமெரிக்க விலை 59.99 டாலர். வந்த வேகத்தில் கடைகளில் தீர்ந்துபோனது. வாங்கி வைத்தவர்கள் ஏல தளங்களில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். ஜாய்ஸ்டிக் வயர் முக்கால் மீட்டர்தான் என்று வாங்கியவர்கள் எல்லோரும் திட்டினார்கள், ஆனாலும் தேடுவதை யாரும் நிறுத்தவில்லை. 23 லட்சம் விற்ற நிலையில் 2017 ஏப்ரலில் தயாரிப்பை நிறுத்தியபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2018 ஜூனில் மறுபடி வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில், இருக்கிற ஸ்டாக் தீர்ந்தால் அவ்வளவுதான் என்று அப்போதைய நிண்டெண்டோ அமெரிக்கத் தலைவர் ரெஜி ஃபிஸ்-எய்மே சொல்லிவிட்டார்.

ஆகவே இன்றைக்கு ஒருவர் ‘ஃப்ரெஷ் ஸ்டாக், எத்தனை பீஸ் வேண்டுமானாலும் இருக்கிறது’ என்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். எனக்கு விற்றவர் அப்படிச் சொல்லவில்லை. ‘துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்தது, ஒரே பீஸ்’ என்றுதான் சொன்னார். போட்டிருந்த படமும் அசல் பெட்டியின் படம். அதன் கீழே இருந்த வரியைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும்: ‘மாரியோ, காண்ட்ரா, டக் ஹண்ட் எல்லாம் இருக்கு.’

அசல் என்இஎஸ் கிளாசிக்கில் காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேம் கிடையாது. வாத்து சுடும் கேமான டக் ஹண்டும் கிடையாது. முப்பதில் இருப்பது சூப்பர் சி, அதாவது காண்ட்ராவின் இரண்டாம் பாகம். டக் ஹண்ட் ஆட டிவியை நோக்கிச் சுடும் பொம்மைத் துப்பாக்கி வேண்டும், அது பழைய பிக்சர் ட்யூப் டிவியில் மட்டுமே வேலை செய்யும். எல்இடி டிவியில் அந்த நுட்பம் எடுபடாது. மாரியோவின் மூன்று பாகங்கள், செல்டா, மெட்ராய்ட், பேக்-மேன், டாங்கி காங், மெகா மேன் 2 எல்லாம் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து ஆடிய அந்த இரண்டும் அதில் இல்லை.

மோசடிக்காரர்கள் பிடிப்பது சரியாக அந்த இடத்தைத்தான். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள். கூடவே ‘9999 இன் 1’ கேசட், அதில் முதல் வரிசையிலேயே காண்ட்ரா. கோடை விடுமுறையில் என் அண்ணனும் நானும் சட்டை போடாமல் உட்கார்ந்து, அடாப்டர் சூடாகி அம்மா பிளக்கைப் பிடுங்கும்வரை ஆடியிருக்கிறோம். அந்த நகல்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவை இல்லையென்றால் எங்களைப் போன்ற வீடுகளில் கேமே கிடையாது. அவற்றை யாரும் ஒரிஜினல் நிண்டெண்டோ என்று பொய் சொல்லி எங்களிடம் விற்கவும் இல்லை. அண்ணனின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு அசலை ஒருமுறையாவது கையில் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் பணம் கட்டினேன்.

பார்சல் அண்ணன் வீட்டுக்கே போனது. அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு ஃபோனில் கேட்டது: “தம்பி, இதுல மஞ்சள், வெள்ளை வயர்தான்டா இருக்கு. எங்க டிவில சொருக இடமே இல்லையே?” அசலில் எச்டிஎம்ஐ மட்டும்தான். மஞ்சள், வெள்ளை ஏவி வயர் வந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை, அது போலி. அட்டைப்பெட்டியில் நிண்டெண்டோ என்ற பெயரே இல்லை. ‘ஆனிவர்சரி எடிஷன், 620 கேம்ஸ்’ என்று அச்சடித்திருந்தது. ஏவி கன்வர்ட்டர் வாங்கி மாட்டிப் பார்த்தோம். 620இல் பாதிக்குப் பாதி திரும்பத் திரும்ப அதே கேம்கள், பெயரை மட்டும் மாற்றி, வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும்படி வைத்திருக்கிறார்கள். மாரியோ பாட்டு சுருதி விலகிக் கேட்கிறது. சேவ் செய்யும் வசதி கிடையாது.

தெரிந்த மொபைல் சர்வீஸ் கடைத் தம்பி திருகைக் கழற்றிக் காட்டினார். தீப்பெட்டி அளவு போர்டு, நடுவில் கறுப்புப் பசை ஊற்றி மூடிய ஒரு சிப், அவ்வளவுதான். அசலின் உள்ளே லினக்ஸ் ஓடும் நான்கு கோர் சிப்பும் 512 எம்பி ஃபிளாஷ் மெமரியும் இருக்கும். “அண்ணா, இது மொத்த விலைக்கு எடுத்தா சில நூறு ரூபாய்தான் வரும்” என்றார் அந்தத் தம்பி.

விற்றவருக்குப் படங்களோடு வாட்ஸ்அப்பில் எழுதினேன். “சார், இது ஏசியன் மாடல் சார், ஏவிதான் வரும்” என்று பதில். ஏசியன் மாடல் என்று ஒன்று இல்லை. ஜப்பானில் வந்த ஃபேமிகாம் மினிகூட எச்டிஎம்ஐதான். அதைச் சொன்னதும், “ப்ரோ, உங்களுக்கு அதிக கேம் கிடைச்சிருக்கு, சந்தோஷப்படுங்க” என்றார். சாரிலிருந்து ப்ரோவுக்கு இறங்கியவர் அடுத்த மெசேஜுக்குப் பதிலே போடவில்லை. அன்று இரவே பிளாக்.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது பணம் அல்ல. அண்ணன் என்னைத் தேற்ற வேண்டும் என்று, “பரவால்லடா, காண்ட்ரா ஓடுதே” என்று சொல்லி ஆடிக் காட்டினார். அந்த மனுஷனுக்கு நல்ல பொருளாகக் கொடுத்திருக்க வேண்டும்.

வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். பெட்டியின் படத்தை நம்பாதீர்கள், அசலைப் போலவே அட்டை அச்சடிக்கிறார்கள். எச்டிஎம்ஐ வைத்த போலிகளும் வந்துவிட்டன. பணம் கட்டும் முன் வீடியோ கால் கேளுங்கள். பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், எச்டிஎம்ஐயும் மைக்ரோ யுஎஸ்பியும் மட்டும் இருக்க வேண்டும். ஜாய்ஸ்டிக் முனையைக் காட்டச் சொல்லுங்கள். அசலில் அது நிண்டெண்டோவின் இன்னொரு கேம் பெட்டியான வீயின் ரிமோட்டில் சொருகக்கூடிய தட்டையான பிளக். பழைய ஒன்பது பின் பிளக் என்றால் விட்டுவிடுங்கள். பிறகு டிவியில் ஓடவிடச் சொல்லுங்கள். மெனுவில் முப்பது கேம்கள்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேமுக்கும் ஆட்டத்தை நிறுத்தி வைக்க நான்கு இடங்கள் இருக்கும். டிஸ்பிளே செட்டிங்கில் பழைய டிவி போலக் கோடு கோடாகத் தெரியும் சிஆர்டி ஃபில்ட்டர் உட்பட மூன்று வகைகள் இருக்கும். விற்பவர் இதையெல்லாம் காட்டத் தயங்கினால் வேறு காரணம் தேட வேண்டாம். 2017இல் வந்த சூப்பர் நிண்டெண்டோ மினிக்கும் இதே கவனம் தேவை. அதில் 21 கேம்கள், அதற்கும் போலிகள் உண்டு.

காண்ட்ராதான் வேண்டும் என்பவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. கோனாமி 2019இல் காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் என்று பழைய காண்ட்ராக்களைத் தொகுத்து வெளியிட்டது; கம்ப்யூட்டரிலேயே ஆடலாம். அண்ணனுக்கு இப்போது அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நல்ல ஜாய்ஸ்டிக்கோடு.

ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்கள் வெட்கப்பட்டு சும்மா இருந்துவிடாதீர்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். போலிப் பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘நான் கம்பெனி இல்லை, தனிநபர்’ என்று விற்பவர் நழுவப் பார்ப்பார். எப்போதாவது சொந்தப் பொருளை விற்பவருக்குத்தான் அந்த விலக்கு. தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவருக்கு இல்லை. அவர் பக்கத்தில் இருக்கும் மற்ற விளம்பரங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதுவே சாட்சி. நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. யுபிஐயில் பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அழையுங்கள்.

நான் இரண்டு இடத்திலும் புகார் கொடுத்துவிட்டேன். சாம்பல் நிற மேஜை விரிப்பின் மேல் பெட்டி, இடது ஓரத்தில் ஒரு காபி டம்ளர்: அவர் போடும் படம் இதுதான். பக்கத்தின் பெயரை மாற்றினாலும் படத்தை அவர் இதுவரை மாற்றவில்லை. உங்கள் கண்ணில் பட்டால், அவரிடம் பணம் கட்டியிருந்தாலும் இல்லையென்றாலும், ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.