‘வான் ஹெல்சிங்’கா, ‘தி ஸ்ட்ரெய்ன்’ஆ?

இரத்தக்காட்டேரிகளிடம் வீழ்ந்த உலகைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தபோது, என் முன் இரண்டு இருந்தன: எஃப்எக்ஸ் அலைவரிசையில் 2014 முதல் 2017 வரை 46 பகுதிகளாக வந்த ‘தி ஸ்ட்ரெய்ன்’, சைஃபை அலைவரிசையில் 2016 முதல் 2021 வரை 65 பகுதிகளாக வந்த ‘வான் ஹெல்சிங்’. நீளமானதையே முதலில் எடுத்தேன். மற்றொன்றைப் பிறகு பார்த்தேன்.

பணச்செழிப்பிலும் படப்பிடிப்பின் நேர்த்தியிலும் ‘ஸ்ட்ரெய்ன்’ முந்துகிறது. முதல் பகுதியை, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான திரைப்பட இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோவே இயக்கினார். முதல் சீசனை விமர்சகர்கள் வரவேற்றார்கள். கண்ணிலிருந்து புழு நெளியும் அதன் விளம்பரப் பலகைகளுக்கு எதிர்ப்புக் கிளம்பி, சில இடங்களில் அவற்றை மாற்ற வேண்டியும் வந்தது. ‘வான் ஹெல்சிங்’குக்கு அத்தகைய ஆரவாரம் எதுவும் இருக்கவில்லை. இருண்ட காடும் கைவிடப்பட்ட கட்டடங்களும் திரும்பத் திரும்ப வருவதில் அதன் சிக்கனம் நன்றாகவே தெரிகிறது.

பேரழிவுக்குப் பிந்தைய உலகைத் தேடி வருபவருக்கு ‘ஸ்ட்ரெய்ன்’ வைக்கும் காத்திருப்பு மிக நீண்டது. மூன்றாம் சீசனின் முடிவில் அணுகுண்டு வெடித்த பிறகுதான் அங்கே சூரியன் மறைகிறது. ‘வான் ஹெல்சிங்’கிலோ யெல்லோஸ்டோன் எரிமலை வெடித்து, சாம்பல் வானத்தை மூடி மூன்றாண்டுகள் கழித்தே சியாட்டில் மருத்துவமனையில் நாயகி வனெஸ்ஸா கண் விழிக்கிறாள்.

ஆனாலும் என் தீர்ப்பை முடிவு செய்தது இவை எதுவுமல்ல. காட்டேரியாக மாறியவர் மீண்டு வர முடியுமா என்னும் ஒரே கேள்வி. ‘ஸ்ட்ரெய்ன்’இல் காட்டேரியாக மாற்றும் புழு உடலுக்குள் புகுந்துவிட்டால் அந்த மனிதரின் கதை முடிந்தது, காட்டேரியாகிவிட்ட, நாயகன் எஃபின் மனைவி கெல்லி தன் மகனைத் தேடி அலைவது மனத்தை உலுக்கினாலும், அவளை நோக்கி ஓங்கும் வாளின் மீது நமக்குச் சந்தேகம் எழுவதில்லை. ‘வான் ஹெல்சிங்’கிலோ வனெஸ்ஸா கடித்தால் காட்டேரி மீண்டும் மனிதராகிறது, தான் செய்த கொலைகளின் நினைவோடு. அப்படித் திரும்பி வந்த ஃபிளெஷ், தன்னை நம்பத் தயங்கும் மனிதர்கள் நடுவே குற்றவுணர்வோடு நடமாடும் காட்சிகளுக்கு ஈடாக ‘ஸ்ட்ரெய்ன்’இல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. காட்டேரிப் படையை நடத்திய ஜூலியஸே பின்னர் மனிதனாகித் தோழனாகிறான். மறுபுறம், காது கேளாத சாம் (பார்க்காதவர்கள் இந்த வரியைத் தாண்டிவிடலாம்) கடிபடுவதற்கு முன்பே கொலைகாரன். காட்டேரி மீண்டும் மனிதராகலாம் என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு காட்டேரியைக் கொல்வதும் ஒரு மனிதரைக் கொல்வதாகவும் இருக்கக்கூடும் என்பதால், சண்டைக் காட்சிகளுக்கே வேறொரு கனம் வந்துவிடுகிறது.

குறையும் உண்டு. நான்காம் சீசனில் வனெஸ்ஸா பெரும்பாலும் திரையில் இல்லாமல், கதை ஜாக், வயலெட் என்ற இரு இளம்பெண்களிடம் கைமாறியது. ரசிகர்களில் பலர் அதை ஏற்கவில்லை, எனக்கும் அங்கே ஆர்வம் தளர்ந்தது. இறுதி சீசனை நீண்ட இடைவெளிகள் விட்டு ஒரே முறைதான் பார்த்தேன் என்பதால், அதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவன் அல்லன். ‘வான் ஹெல்சிங்’கையே பாருங்கள் என்னும் என் பரிந்துரை அதன் முதல் மூன்று சீசன்களின் பலத்தில் நிற்பது.