பழைய ஜீப்பில் டிஐ என்ஜின்: முன்னால் ராஜா, பின்னால் ரிப்பேர்

போன வாரம்தான் பின் ஆக்ஸில் வேலை முடிந்து ஜீப் பட்டறையிலிருந்து வந்தது. பில்லின் சூடு ஆறவில்லை, அதற்குள் கூட்டாளி ஒருவன் போன் போட்டு, “என் சிஜே3பி-க்கும் டிஐ என்ஜின் ஏத்திரலாமாடா?” என்கிறான். சிஜே3பி என்பது பழைய மஹிந்திரா ஜீப், டிஐ என்பது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டீசல் என்ஜின், என் ஜீப்பில் ஏற்றியிருப்பதும் அதுதான். அவனுக்குச் சொன்னதை, வசவுகளைக் கழித்துவிட்டு, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. என்ஜினைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஜீப்போடு வந்த பழைய ஹரிகேன் பெட்ரோல் என்ஜினோடு போடிமெட்டு ஏறினால், மூட்டை கொஞ்சம் கூடினாலும் திணறும், சூடாகும், ஓரங்கட்டி போனட்டைத் திறக்க வேண்டும். இந்த 2,523 சிசி டீசல் அதே ஏற்றத்தை முனகாமல் ஏறுகிறது. பனிக்காலக் காலையிலும் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது. எண்ணெய்ச் செலவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் ஏன் கோபம்? என்ஜினுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பழசு. மூன்று கியர் டி-90 கியர்பாக்ஸ், சுழற்சியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ், 43 பல் கிரவுனும் (பெரிய சக்கரம்) 8 பல் பினியனும் (அதைச் சுற்றும் சின்ன சக்கரம்) உள்ள ஆக்ஸில். “ஹரிகேன் 75 குதிரை, டிஐ 63 குதிரைதான், பயப்படாதீங்க” என்று என்ஜின் ஏற்றியவர் சமாதானம் சொன்னார். கணக்கு சரிதான், பார்த்த இடம்தான் தப்பு. ஷாஃப்டை முறிப்பது குதிரை சக்தி இல்லை, டார்க், அதாவது முறுக்கு விசை. ஹரிகேன் சுமார் 155 நியூட்டன் மீட்டர் தரும். டிஐ 180, அதுவும் 1,500 சுற்றிலேயே. போதாததற்கு டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் கியர் பல்லிலும் ஸ்பிளைனிலும் (ஷாஃப்டின் வரிப்பல்) சுத்தியல் அடி மாதிரி இறங்குகிறது.

முதல் கியரின் பல் விகிதம் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள லோ (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) 2.46, கிரவுன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது உராய்வு இழப்பை விட்டுவிட்டால், பெட்ரோல் காலத்தில் சக்கரங்களுக்குப் போனது சுமார் 5,700 நியூட்டன் மீட்டர், இப்போது 6,600-க்கு மேல். இதை முன், பின் இரண்டு ஆக்ஸிலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் ஃபோர்வீல் போடாமல் லோ விழாதபடி டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். என்ஜின் ஏற்றிய நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? சந்தில் வண்டி திருப்ப வசதியாக இருக்கும் என்று அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டறையில் ஆக்ஸிலைப் பிரிக்கும்போதுதான் தெரியவந்தது. ஃபோர்வீல் லீவரைத் தொடாமலேயே லோ விழுந்த நாளெல்லாம் மொத்தச் சுமையும் பின் ஆக்ஸிலுக்கே போயிருக்கிறது.

பின் ஹப்பை (சக்கரம் மாட்டும் குடத்தை) பிடித்து வைத்திருப்பது ஷாஃப்டின் கூம்பு முனை. அதில் உள்ள கீ, அதாவது ஷாஃப்டுக்கும் ஹப்புக்கும் இடையில் செருகும் சின்ன இரும்புத் துண்டு, ஒரு துணைதான். நட் சற்றே தளர்ந்தாலும் சுமை கீயின் மேல் விழும், கீ நசுங்கும், பிறகு ஷாஃப்டில் கீ உட்காரும் பள்ளமான கீ வழி பிளந்துவிடும். எனக்கு அதுதான் நடந்தது. சேற்றில் இப்படி ஆகாது, டயர் சுற்றித் தப்பித்துக்கொள்ளும். காய்ந்த பாறையில், டயர் கடித்துப் பிடிக்கும்போதுதான் ஆக்ஸில் மாட்டிக்கொள்கிறது. இதில் 6.00-16 அளவு டயரைக் கழற்றிப் பெரிய டயர் வேறு போட்டால், கேட்கவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் என்னை அதிகம் வதைப்பது ஆக்ஸில் இல்லை, ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் ‘டொக்’. 80 அங்குல வீல்பேஸில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட் முழ நீளம்தான். அதன் கோணம் கொஞ்சம் கூடினாலும் அதன் முனையில் உள்ள கிராஸ் பேரிங் தேய்கிறது. புதிதாகப் போட்டால் சில நாள் அமைதி, திரும்பவும் டொக். மனைவி இதை ஒரு சத்தமாகவே மதிப்பதில்லை. எனக்கோ பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், உதிரி பாகம் எங்கும் கிடைக்கிறது, விலையும் அடக்கம், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால் ஆர்.சி.யில் என்ஜின் மாற்றத்தைப் பதியும் அலைச்சலையும் சேர்த்துப் பார், கம்பெனியிலேயே டீசலோடு வந்த ஜீப்பைத் தேடி வாங்குவது எவ்வளவோ மேல்.

ஆக, வைக்காதே. நான் கழற்றுவேனா என்றால், மாட்டேன். அந்த இழுவையை விட மனசு வராது. பழைய இரும்புக் கடைப் பக்கம் போனால், இடது பக்கத்து நீள ஷாஃப்ட் ஒன்று, கீ வழி நல்லதாக இருந்தால், எனக்கு எடுத்து வை. பணம் கூகுள் பே பண்ணுகிறேன்.